நான் சின்னத்தம்பியின் பெண்சாதி இல்லை

1

எங்கள் ஊர் வாசிகசாலை மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் தம்பி கேட்டிருக்கிறார். லண்டனுக்கு வந்து பத்து வருஷம் முடிந்ததாம், அனுபவம் இருக்குமாம். படித்த ஆட்கள் எத்தனையோ பேர் இந்த நாட்டில் இருக்க, ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னைக் கேட்பதில் ஏதோ இருக்க வேண்டும் என்று இரண்டு நாள் யோசித்தேன். என்னைச் சாட்டி மகனிடம் நன்கொடை வாங்குகிற எண்ணமோ தெரியாது.

இருந்தாலும் எழுதுகிறேன். என் கை மெல்லத்தான் போகும். பிழை இருந்தால் திருத்துங்கள், ஆனால் என் பெயரை மட்டும் திருத்தாதீர்கள். கீழே எப்படிப் போடுகிறேனோ அப்படியே அச்சடியுங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

2

ஊரில் நான் இராசம்மா. கலியாணத்துக்கு முன்பு சின்னத்தம்பி இராசம்மா. பிறகு நாகலிங்கம் இராசம்மா. இதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை. முன்னால் நிற்பது எங்களைச் சேர்ந்தவரின் பெயர், பின்னால் நிற்பது நாங்கள்.

கடவுச்சீட்டு எடுக்கும்போது பிறப்புச் சான்றிதழைப் பார்த்துச் சின்னத்தம்பி என்று போட்டுவிட்டார்கள். இங்கே வந்து இறங்கியதும் அந்தப் பெயரே என் குடும்பப் பெயராகிவிட்டது. முதல் தரம் டொக்டரிடம் போனபோது ஒரு வெள்ளைக்காரப் பெட்டை யன்னலுக்குள் இருந்து கூப்பிட்டாள்.

“மிசிஸ் சின்னத்தம்பி!”

நான் அசையவில்லை. பக்கத்தில் இருந்த மருமகள் ரஞ்சி முழங்கையால் இடித்தாள்.

“மாமி, எழும்புங்கோ. உங்களைத்தான்.”

“சின்னத்தம்பி என்ரை அப்பு. அவரின்ரை பெண்சாதி என்ரை அம்மா. அவ செத்து முப்பது வருஷமாச்சு. அவவுக்கு என்னத்துக்கு இப்ப மருந்து?”

“ஐயோ மாமி, மெல்லக் கதையுங்கோ.”

பிறகு ரஞ்சியின் முறை வந்தது. அவளை “மிசிஸ் நாகலிங்கம்” என்று கூப்பிட்டார்கள். என் மகன் மகேனின் கடைசிப் பெயர் நாகலிங்கமாம், ஆகவே அவன் மனைவியும் அதுவாம். அவள் ஒரு கூச்சமும் இல்லாமல் எழுந்து போனாள். என் புருஷனின் பெயருக்கு முன்னால் மிசிஸ் போட்டுக்கொண்டு என் மருமகள் போகிறாள், நான் அப்புவின் பெண்சாதியாகக் கதிரையில் இருக்கிறேன். இதைத் தெரியாமல் செய்தார்கள் என்று இன்றுவரைக்கும் நான் முழுதாக நம்பவில்லை.

அப்போது என் விசாக் கடதாசி இழுபட்டுக்கொண்டு இருந்தது. மகேன் என்னை இருத்தி வைத்துச் சொன்னான்.

“அம்மா, இந்த நாட்டிலை ஆர் கேட்டாலும் நீங்கள் மிசிஸ் சின்னத்தம்பி. வேறை பேர் வாயிலை வரக்கூடாது, பேப்பர் எல்லாம் குழம்பிப்போம். நாங்கள் இல்லாத நேரம் கதவுச் சங்கிலியைக் கழட்டாதையுங்கோ. ஒண்டிலையும் கையெழுத்து வைக்காதையுங்கோ.”

“என்ரை பேரை நானே ஒளிக்கிறதோ?”

“கொஞ்சக் காலத்துக்கு.”

கொஞ்சக் காலம் என்றால் எவ்வளவு என்று எந்த ஒபிசிலும் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

3

வால்தம்ஸ்டோவில் எங்கள் வீடு ஒட்டு வீடு. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அந்தப் பக்கத்தில் இங்ரிட் என்ற கிழவி தனியே இருந்தாள். சுவீடன் தேசத்தவள், இளமையில் தாதி வேலைக்கு வந்து இங்கே ஒருவரைக் கட்டியவளாம். இதெல்லாம் பிறகு அறிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது அவளுடைய யன்னல் சீலை மட்டுந்தான். நான் குப்பை வாளி வைக்கப் போனால் சீலை அசையும். யாரும் எங்கள் வீட்டுக்கு வந்தால் சீலை அசையும். எங்களைப் பற்றிக் கவுன்சில்காரருக்கு எழுதிப் போடுகிறாள் என்று முடிவு கட்டியிருந்தேன்.

மகேன் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை. ரஞ்சி ஒரு தையல் தொழிற்சாலையில். பேரப்பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தால் வந்தால் ரீவிக்கு முன்னால் இருக்குங்கள். ஏதும் கேட்டால், “அப்பம்மா, ஐ டோன்ட் நோ” என்ற ஒரே பதில். பகல் முழுக்க நானும் கணகணக்கிற ஹீட்டரும்.

என் ஒரே மகள் மனோ ஊரில் இருந்தாள். நான் புறப்பட்ட அன்று அவள் படலையில் நின்றதை எழுதினால் இந்த மலர் நனைந்துவிடும், அதை விடுகிறேன். சண்டை நேரம். ரெலிபோன் இல்லை. கடிதத்தைக் கொழும்புக்குப் போகிற ஆட்களிடம் கொடுத்துவிட்டு அங்கிருந்துதான் தபாலில் சேர்க்க வேண்டும். அது மகேனின் பெயருக்கு வரும். அவன் நித்திரை, ஆகவே ரஞ்சி உடைப்பாள், ரஞ்சி வாசிப்பாள்.

நான் பக்கத்தில் இருந்து கவனித்தேன். இரண்டு பக்கமும் நுணுக்கி எழுதிய நாலு தாள். அவளோ தேத்தண்ணி ஆற முன்பு வாசித்து முடித்துவிடுவாள்.

“அவ்வளவுதானோ பிள்ளை?”

“அவ்வளவுதான் மாமி. எல்லாரும் சுகமாம்.”

பிறகு கேட்டால் கடிதம் மகேனின் அறையில் என்பாள். எனக்கு வந்த சொற்களில் இவள் எதையோ எடுத்து வைத்துக்கொள்கிறாள். மகள் என்ன கேட்டாள், இவளைப் பற்றி என்ன எழுதினாள்? இரவு பகல் அதே நினைப்பு.

ஊருக்குத் திரும்பிப் போன ஒரு மனிசியிடம் இரகசியமாகச் சொல்லிவிட்டேன். “மனோவிட்டைச் சொல்லு. இனி அண்ணன்ரை பேருக்கு எழுத வேண்டாமாம். என்ரை பேருக்கு, ரெஜிஸ்டர் தபாலிலை போடட்டாம். அப்பதான் என்ரை கையிலை தருவாங்கள், வேறை ஒருத்தரும் உடைக்கேலாது.”

இதைச் செய்து முடித்தபோது எனக்கு எவ்வளவு பெருமை. பிறகு கடிதம் நின்றுபோனது.

4

ஐப்பசியில் ஒருநாள் மணி அடித்தது. தினமும் வருகிற தபால்காரன் துவாரத்தால் போட்டுவிட்டுப் போகிறவன், மணி அடிக்கமாட்டான். சங்கிலியோடு கதவைத் திறந்தேன். நாலு விரல் இடைவெளி. உயரமான ஆள், கறுத்தக் கோட்டு, பின்னால் ஒரு வான். ஒரு புத்தகத்தை நீட்டி அதன்மேல் பேனையை வைத்தான்.

“மிசிஸ் ராசாமா?”

இந்த நாட்டில் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு வெள்ளைக்காரனும் என்னைக் கூப்பிட்டதில்லை. எந்தக் கடதாசியிலும் அது தனியே நின்றதில்லை. இவனுக்கு எப்படித் தெரியும்? இரண்டு பெயர் வைத்திருக்கிறேனா என்று பார்க்க வந்திருக்கிறான். பக்கத்து வீட்டுச் சீலையும் அசைந்தது.

“நோ,” என்றேன். “மிசிஸ் சின்னத்தம்பி.”

“நோ மிசிஸ் ராசாமா ஹியர்?”

“நோ.”

அவன் தோளைக் குலுக்கிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டு போனான். நான் கதவைப் பூட்டி, படியில் குந்திக்கொண்டேன். மகேன் மூன்று மாதம் சொல்லித் தந்ததை ஒரு பிழையும் விடாமல் சொல்லியிருக்கிறேன். வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. கதவு திறந்ததற்கே பேச்சு விழும்.

மார்கழியில் வந்தான். தைப்பொங்கல் கழித்தும் வந்தான். மூன்று தரமும் அதே புத்தகம், அதே பேனை, அதே பெயர். மூன்று தரமும் அவனைத் திருப்பி அனுப்பினேன்.

மகளிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ரஞ்சி வேலையால் வந்ததும் அவளுடைய பையைப் பார்ப்பேன். அவள் குளிக்கப் போனால் மெத்தையைத் தூக்கிப் பார்ப்பேன். மிசிஸ் நாகலிங்கம் என்று சொல்லித் தபால் கந்தோரில் என் கடிதத்தை இவள் வாங்கிவிடுகிறாள். வேறு எப்படி? ஆனால் கேட்க முடியாது. கேட்டால் நான் சொல்லிவிட்ட இரகசியம் வெளியே வரும்.

5

பங்குனியில் ஒரு சனிக்கிழமை இங்ரிட் எங்கள் கதவைத் தட்டினாள். ஒரு கையில் பணிஸ் ரொட்டித் தட்டு, மறு கையில் மகேனின் பெயருக்கு வந்த காஸ் பில். அவளுடைய வீட்டில் மாறிப் போட்டுவிட்டார்களாம். பணிஸில் ஏலக்காய் மணத்தது. வெள்ளைக்காரியின் பணிஸில் எங்கள் ஏலக்காய் எப்படி வந்தது என்று முதலில் அதைத்தான் யோசித்தேன். தங்கள் தேசத்தில் அப்படித்தான் சுடுவார்களாம். மற்றது அந்த பில். பில் மாறிப் போனால் கடிதமும் மாறிப் போயிருக்கும்.

“ரஞ்சி, கேள் உவவை. வேறை எங்கடை கடிதம் ஏதும் எடுத்து வைச்சிருக்கிறாவோ எண்டு.”

“மாமி! வந்த சனத்தை உப்பிடிக் கேக்கிறதோ?”

“நீ கேக்காட்டி நான் கேக்கிறன்.”

அவள் முகம் சிவக்கக் கேட்டாள். நான் சொன்னபடி கேட்டாளோ, பூசி மெழுகினாளோ தெரியாது. கிழவி கோபிக்கவில்லை. தன் வீட்டுக்குப் போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தாள். கடிதம் வராத கவலை தன் குடும்பத்துக்கும் தெரியும் என்றாளாம். அவள் சொல்ல, ரஞ்சி தமிழில் சொன்னாள்.

இங்ரிட்டின் பாட்டனுக்கு ஒரு தமையன், பெயர் கார்ல். அவர்களுக்கும் எங்களைப் போலத்தான், தகப்பனின் பெயர்தான் அடையாளம். யோகானின் மகன் என்றபடியால் யோகான்சன். அவர்கள் ஊர் நிலம் முழுக்கக் கல். பயிர் பொய்த்த வருஷங்களில் மாவோடு மரப்பட்டையை இடித்துக் கலந்து ரொட்டி சுட்டார்களாம். கார்ல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டான். சும்மா புறப்பட ஏலாது. பாதிரியார் வீடு வீடாக வந்து, வாசிக்கத் தெரியுமா, நடத்தை எப்படி என்று புத்தகத்தில் பதிகிறவராம். அவரிடம் கடதாசி வாங்கினால்தான் ஊரை விட்டுப் போகலாம். அந்தக் காலத்திலும் கடதாசி.

மரப்பெட்டியில் பெயரை எழுதிக்கொண்டு கப்பல் ஏறி, இந்த இங்கிலாந்தில் இறங்கி, ரயிலில் மறுகரைக்குப் போய், அங்கிருந்து பெரிய கப்பல். மினசோட்டா என்ற இடம். முதல் மாரியை மண் மேட்டைக் குடைந்து, புல்லுக் கட்டியால் கூரை போட்ட பொந்துக்குள் கழித்தான். பனி கதவை மூடிவிடுமாம், உள்ளேயிருந்து தோண்டி வெளியே வரவேண்டுமாம். தாய்க்குக் கடிதம் எழுதினான். வேலிக்கும் வயலுக்கும் அந்த நாட்டுச் சொல்லைத் தன் பாஷையில் கலந்து எழுத, தாய் விளங்காமல் பாதிரியாரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாளாம். அரசாங்கம் தருகிற உதவிக் காசைப் பெனிபிட் என்று நான் எழுதியதற்கு, அது என்ன வருத்தம், மருந்து எடுக்கிறீங்களோ என்று மனோ கேட்டது நினைவு வந்தது.

பிறகு ரயில் பாதை போடப் போனான். அங்கே கங்காணி “யோகான்சன்!” என்று கூப்பிட்டால் ஏழு பேர் எழும்புவார்களாம். வேறு பெயர் வை என்றான் கங்காணி. ஊரில் வீட்டு முன்னால் நின்ற லிண்ட் மரத்தின் பெயரை வைத்துக்கொண்டான். கார்ல் யோகான்சன் போய் சார்லி லிண்ட் ஆனான். புதுப் பெயரைத் தாய்க்கு எழுதினான், அந்த ஒரு கடிதம் மட்டும் போய்ச் சேரவில்லை. தாய் பழைய பெயருக்கே எழுதினாள். அவன் இன்னொரு ஊருக்குப் போய் ஐரிஷ்காரி ஒருத்தியைக் கட்டி, பிள்ளைகள் பெற்று, பிள்ளைகளுக்குத் தகப்பனின் பாஷை ஒரு சொல்லும் தெரியாமல் போய்விட்டது. பதில் காணாமல் அவனும் எழுதுவதை விட்டான், தாய்க்குக் கடிதம் நின்றது.

“தாய் என்ன நினைச்சாவாம்?” என்று கேட்டேன்.

ரஞ்சி கிழவியைக் கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னாள். “வீட்டிலை கூட இருந்த மருமகள்தான் கடிதத்தை ஒளிக்கிறாள் எண்டு நினைச்சாவாம். சாகுமட்டும் அதைத்தான் சொன்னாவாம்.”

எனக்குச் சுறுக்கென்றது. “ரஞ்சி, உதை உவ சொன்னவவோ, நீயாச் சேர்க்கிறியோ?”

“கடவுளே! மரப்பட்டை ரொட்டி கட்டிச் சொல்ல எனக்குத் தெரியுமோ மாமி?”

கிழவிக்கு நாங்கள் சண்டை பிடிப்பது விளங்கியிருக்க வேண்டும். பெட்டிக்குள் கை விட்டு மூன்று கடித உறைகளை எடுத்து என் முன்னால் வைத்தாள். தாய் போட்டு அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தவை. விலாசத்தின்மேல் பேனையால் குறுக்கே ஒரு கோடு. தபால்காரன் கேட்பது போல அவள் மேசையில் தட்டிக் காட்டினாள். “யோகான்சன்?” பிறகு கதவு திறப்பவளைப் போலத் தலையை ஆட்டினாள். “நோ. நோ யோகான்சன்.”

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அந்த “நோ” என்னுடைய குரலில் கேட்டது.

6

கிழவி போனபிறகு பணிஸ் தட்டு நடுவில் இருந்தது. நான் ரஞ்சியைக் கூப்பிட்டேன்.

“பிள்ளை, ரெஜிஸ்டர் தபால் கொண்டு வாறவன் எப்பிடி வருவான்?”

“வானிலை வருவான். மணி அடிச்சுக் கையெழுத்து வாங்குவான். ஏன் மாமி?”

சொன்னேன். ஊருக்குச் சொல்லிவிட்டதையும் சொன்னேன், மூன்று தரம் வந்தவனையும் சொன்னேன். மெத்தையைத் தூக்கிப் பார்த்ததைச் சொல்லவில்லை. அவ்வளவுக்கு இறங்க என்னால் ஏலாது.

அவள் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண் கலங்கியது.

“மூண்டு கடிதத்தையும் நீங்களே திருப்பிக் கலைச்சுப்போட்டு, அஞ்சு மாசமா என்னையோ மாமி முறைச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?”

“நீயும் ஒண்டும் ஒளிக்கேல்லையோ? நாலு தாளை ரெண்டு நிமிசத்திலை ஆர் வாசிக்கிறது?”

அவள் தலையைக் குனிந்தாள். “ஓம். விட்டு விட்டுத்தான் வாசிச்சனான். ஷெல் விழுந்தது, ஆர் ஆர் செத்தது, மனோ மச்சாள் பதுங்கு குழியிலை கிடந்தது. உங்களுக்குப் பிரஷர். இவர்தான் வாசிக்க வேண்டாம் எண்டவர்.”

ஆக, என் சந்தேகம் முழுப் பிழையில்லை. அதைக் கட்டாயம் எழுத வேண்டும். ஆனால் அன்றைக்கு அந்த வெற்றி எனக்கு இனிக்கவில்லை. அன்றே இருவருமாக மனோவுக்கு எழுதி, கொழும்புக்குப் பறந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டோம்.

7

சித்திரை பிறந்து சில நாளில் மணி அடித்தது. அதே உயரம், அதே கோட்டு. நான் சங்கிலியைக் கழற்றினேன். அது இரண்டு தரம் வழுக்கியது.

“மிசிஸ் ராசாமா?”

“யெஸ்,” என்றேன். “மீ. ராசாமா.”

அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். அவனிலும் பிழையில்லை. புத்தகத்தில் தமிழில் இராசம்மா என்று முழுதாக எழுதினேன். ஐந்து எழுத்து. அவன் அவசரப்பட்டான், நான் அவசரப்படவில்லை.

ரஞ்சி வரும்வரை காத்திராமல் எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன். எங்கள் கடிதம் போய்ச் சேர முன்பு மனோ போட்டது. அவளுடைய மூன்று கடிதமும் திரும்பிப் போயிருக்கின்றன. உறையில் இங்கிலீசில் எழுதியிருந்ததைப் பக்கத்து ரீச்சரிடம் காட்டினாளாம். ரீச்சர் தமிழில் வாசித்துச் சொன்னாராம்: “அப்படி ஒருவர் இல்லை.”

இல்லை என்றால் எங்கள் ஊரில் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

“அம்மா இல்லையோ? அண்ணையும் அண்ணியும் எனக்கு மறைக்கினமோ?” என்று எழுதியிருந்தாள். என் வயிற்றில் பிறந்தவள், சந்தேகம் எங்கே போகும்? “சித்திரா பௌர்ணமி வருகுது. தாய் இல்லாதவை பிடிக்கிற விரதம். நான் பிடிக்கிறதோ விடுகிறதோ எண்டு தெரியாமல் இருக்கிறன். இருந்தால் எழுதுங்கோ அம்மா.”

அடுப்பில் வைத்த பால் பொங்கி ஊற்றியதுகூட எனக்குத் தெரியவில்லை. ரஞ்சி வந்தபோது கடிதத்தை அவளிடம் நீட்டினேன். அவள் முதல் தரமாக ஒரு சொல்லும் விடாமல் உரத்து வாசித்தாள். பிறகு நான் ஒரே வரியில் பதில் எழுதினேன். பிடிக்காதே, நான் இருக்கிறேன்.

அது போய்ச் சேரப் பௌர்ணமி காத்திருக்கவில்லை. ஆனி மாதம் மறுகடிதம் வந்தது. நாள் நெருங்கியும் ஒரு தகவலும் இல்லாதபடியால் ஐயரைக் கேட்டாளாம். உயிரோடு இருந்தாலும் ஒரு பாதகமும் இல்லை, பிடி என்றாராம். விரதம் இருந்து, சோறு கறி சமைத்து, என் பெயர் சொல்லிப் படைத்து, காகத்துக்கும் வைத்துவிட்டாள். நாலு நாள் கழித்து எங்கள் கடிதம் கிடைத்திருக்கிறது. உயிரோடு இருக்கிற அம்மாவுக்குப் படைத்துவிட்டேனே, என்ன பாவமோ என்று அழுது எழுதியிருந்தாள்.

அதற்கு நானே பதில் எழுதினேன், ரஞ்சியிடம் கொடுக்காமல். அழாதே பிள்ளை, ஒரு பாவமும் இல்லை. லண்டனில் உன் அம்மாவுக்கு மிசிஸ் சின்னத்தம்பி என்றுதான் பெயர். நீ படைத்த சோறு உண்மையான மிசிஸ் சின்னத்தம்பிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அவ என்னுடைய அம்மா, உன்னுடைய அம்மம்மா. நான் இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் அவவுக்கு ஒருவரும் ஒன்றும் படைக்கவில்லை. இனிக் கடிதத்தை எந்தப் பெயருக்கும் போடு. கதவை நான் திறப்பேன்.

நாகலிங்கம் இராசம்மா
வால்தம்ஸ்டோ, லண்டன்